எசமான், கீழாள், மரம்

பியேத்ராஃபோஸ்கா
17 அக்டோபர் 1954

அன்புத் தம்பி கானியோவுக்கு,

அக்கா அசுந்தா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் குழந்தையும் சுகம். சுரங்கத்தில் நிலத்துக்கு அடியில் வேலை செய்கிற உன் சுகத்தைத்தான் தினமும் பூசையில் கேட்கிறேன். இருமல் விட்டதா? அனுப்பிய காய்ந்த மிளகாய் வந்து சேர்ந்ததா, இல்லை வழியிலேயே யாராவது பிரித்துவிட்டார்களா?

ஒரு துக்கச் செய்தி. பண்ணையில் ஒயின் பீப்பாய்களுக்காகப் புதிதாகக் கட்டிய நிலவறையின் சுவர் இடிந்து விழுந்தது. அந்த நேரம் உள்ளே பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தவன் வீத்தோ. உன்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த அதே வீத்தோதான். கற்களை அகற்றி அவனை எடுத்தபோது உயிர் இல்லை. அவன் பெண்டாட்டி செராஃபினா இரண்டு பெண்பிள்ளைகளோடு எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். நான் சூப் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். சில நாள் பாத்திரம் காலியாக இருக்கும், சில நாள் அப்படியே இருக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. உன் அத்தான் குடிப்பதைக் குறைத்துவிட்டார். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒயின் கடையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வருவார். இப்போது நேராக நடந்து வருகிறார், வாசனையே இல்லை. தெருப் பெண்கள் நான் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். அந்த ஒயின் கடைக்கார நுன்சியா மட்டும் குழாயடியில் என்னைப் பார்த்து, "உன் புருஷன மரமாக்கிட்டாங்கடி" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவரிடம் கேட்டதற்கு, "அது சீட்டாட்டப் பேச்சு, உனக்கெதுக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ அந்த மேசையில் உட்கார்ந்தவன்தானே. அது என்ன என்று எழுது.

கம்பளி உள்சட்டையைக் கழற்றாதே.

உன் அக்கா,
அசுந்தா


லியேஜ், பெல்ஜியம், சுரங்கக் குடியிருப்பு
2 நவம்பர் 1954

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மிளகாய் வந்தது. அறையில் இருக்கிற கலாப்ரியாக்காரர்கள் பாதியைத் தின்றுவிட்டு உனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். வீத்தோவின் செய்தியைப் படித்த அன்று நான் வேலைக்கு இறங்கவில்லை. செராஃபினாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

இப்போது நீ கேட்டது. மேசையில் ஆறேழு பேர் உட்காருவார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு ஜாடி ஒயின் வாங்குவார்கள். ஒரு சுற்றுச் சீட்டு. ஜெயித்தவன் எசமான், அடுத்து வந்தவன் கீழாள். ஆட்டமே அதற்குப் பிறகுதான். ஜாடி முழுக்க எசமானுடையது. அவன் நினைத்தால் ஒரு சொட்டு விடாமல் தானே குடிக்கலாம், யாரும் கேட்க முடியாது. இல்லையென்றால் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "இன்னாருக்கு ஒரு கிண்ணம் தரலாமா?" என்று கீழாளைக் கேட்பான். கீழாள் "தரலாம்" என்றால் அவனுக்குக் கிண்ணம் போகும். "வேண்டாம்" என்றால் ஏன் வேண்டாம் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அங்கேதான் மனிதனை அறுப்பார்கள். அவன் பெண்டாட்டி, அவன் அப்பன், அவன் கை வேலை எல்லாம் அந்தக் காரணத்துக்குள் வரும். கேட்டுக்கொண்டிருப்பவன் பதில் பேசக் கூடாது, கோபப்படக் கூடாது, எழுந்தும் போகக் கூடாது.

எல்லாரும் குடித்து ஒருவனுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவன்தான் மரம். ஒருநாள் மரமாவது வேடிக்கை. நானும் ஆகியிருக்கிறேன், மறுநாள் சிரித்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே ஆளை மரமாக்கினால் அது வேடிக்கை இல்லை அக்கா. எசமானும் கீழாளும் சீட்டைப் பொறுத்து மாறுவார்கள். யார் ஜெயித்தாலும் அத்தானுக்குக் கிண்ணம் இல்லை என்றால் மேசை மொத்தமும் பேசி வைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

அவர் குடிப்பதைக் குறைக்கவில்லை. என்ன நடந்தது? மறைக்காமல் எழுது.

அன்புடன்,
கானியோ


பியேத்ராஃபோஸ்கா
21 நவம்பர் 1954

அன்புத் தம்பிக்கு,

உன் இருமலைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் மறைப்பதாக நீ சொல்கிறாய். போகட்டும். நாங்கள் சுகம். குழந்தைக்கு முன்பல் வந்திருக்கிறது.

அந்த நிலவறைச் சுவரை முதலில் கட்டத் தொடங்கியது உன் அத்தான்தான். பண்ணைக் காரியஸ்தர் ரெமிஜியோ வந்து, சுண்ணாம்பைக் குறைத்து மண்ணைக் கலக்கச் சொல்லியிருக்கிறார். இவர் முடியாது என்று கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வேறு ஆட்கள் முடித்தார்கள். சுவர் விழுந்ததும் பண்ணையில், வீத்தோ குடித்துவிட்டு, சுவரைத் தாங்கிய முட்டுக்கட்டையை இடித்தான் என்றார்கள். அப்படியானால் செராஃபினாவுக்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்காது. உன் அத்தான் காவல் அதிகாரியிடம் போய் மண் கலக்கச் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு வந்தார். பிப்ரவரியில் நகரத்துக் கோர்ட்டில் விசாரணை. அங்கேயும் அவர் சொல்ல வேண்டும்.

அந்த வாரத்திலிருந்துதான் அவருக்குக் கிண்ணம் இல்லை. ரெமிஜியோ அதே மேசையில் உட்காருகிறார். மற்றவர்கள் எல்லாம் பண்ணையில் பிழைக்கிறவர்கள். போன ஞாயிறு தொனாத்தோ கீழாளாக வந்தானாம். நம் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக நின்ற அதே தொனாத்தோ. எசமான் உன் அத்தான் பெயரைச் சொன்னதும் அவன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, "வேண்டாம். கொத்தனாருக்கு சுண்ணாம்புத் தண்ணிதான் ஒத்துக்கும்" என்றானாம். எல்லாரும் சிரித்தார்களாம். நுன்சியா அடுப்படியிலிருந்து கேட்டுச் சொன்னாள்.

"நீங்க ஏன் போறீங்க, வீட்ல இருங்களேன்" என்று கேட்டேன்.

"வேலை போனா வேற வேலை பாக்கலாம் அசுந்தா. இந்த ஊர்ல அந்த ஒரு மேசைதான் இருக்கு. போகலன்னா, பயந்துட்டான், பொய் சொல்லியிருக்கான்னு ஆயிடும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைச் சட்டையைத் தேய்த்துக் கொடுக்கிறேன். போட்டுக்கொண்டு போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

அக்கா


லியேஜ்
8 டிசம்பர் 1954

அன்புள்ள அக்காவுக்கும் என் மதிப்புக்குரிய அத்தானுக்கும்,

நான் சுகம், இருமலும் சுகம். உன் கடிதத்தை அறையில் எல்லாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லார் ஊரிலும் ஒரு ரெமிஜியோ உண்டு. கலாப்ரியாக்காரன் சாரோ கடைசியில், "உங்க அத்தான் மாதிரி ஒரு ஆள் எங்க ஊர்ல இருந்திருந்தா நான் ஏன்டா இந்தக் குழிக்கு வரப்போறேன்" என்றான்.

நாங்களும் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறோம். ஆனால் ஊர் ஆட்டம் இல்லை. ஒவ்வொருவன் ஒவ்வொரு முறை கொண்டுவந்தான். சாரோவின் ஊரில் கீழாளுக்கு ஒருமுறை எசமானைக் கேட்காமலே யாருக்கு வேண்டுமானாலும் கிண்ணம் தர உரிமை உண்டு. அப்ரூத்சோக்காரர்கள் மரமானவனுக்கு ஜாடியின் கடைசி மடக்கைக் கொடுத்துவிடுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து நாங்கள் ஒன்று வைத்துக்கொண்டோம். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு மரமாகக் கூடாது. திங்கள் காலையில் சுரங்கத்தின் மேல்கூரை இடிந்து இறங்கினால் நம்மை இழுத்து எடுக்கப்போகிறவன் பக்கத்தில் நிற்கிறவன்தானே. அவனைக் காயப்போட்டுவிட்டு எப்படிக் கீழே இறங்குவது?

இப்போது அத்தானுக்காக இன்னொன்றும் சேர்த்திருக்கிறோம். முதல் கிண்ணம் எசமானுக்கு இல்லை. மேசை நடுவில் வைத்து, "கொத்தனார் ஜெரார்தோவுக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் சீட்டைப் பிரிக்கிறோம். அத்தானிடம் இதைச் சொல். அவர் அங்கே தனியாக உட்காரவில்லை.

கிறிஸ்து பிறப்புக்கு என் முத்தங்கள்.

கானியோ


பியேத்ராஃபோஸ்கா
16 ஜனவரி 1955

அன்புத் தம்பிக்கு,

திருநாள் அமைதியாகப் போனது. பனி கதவுவரை ஏறிவிட்டது. உன் கடிதத்தை அவருக்கு வாசித்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னார், பிறகு வெளியே போய் விறகு பிளந்தார்.

போன ஞாயிறு அவர் ஜெயித்தார் தம்பி. சீட்டு அவரைத் தேடி வந்தது. அவர் எசமான், தொனாத்தோ கீழாள். நுன்சியா கை வேலையைப் போட்டுவிட்டு வாசற்படிக்கே வந்துவிட்டாளாம். நீ எழுதிய சட்டப்படி அவர் ஜாடி முழுவதையும் தானே குடித்திருக்கலாம். நான் அங்கே இருந்திருந்தால் குடிக்கச் சொல்லியிருப்பேன்.

அவர், "ரெமிஜியோவுக்கு ஒரு கிண்ணம் தரலாமா?" என்று கேட்டிருக்கிறார். முதல் பெயரே அதுதான். தொனாத்தோ, "தரலாம்" என்றான். கிண்ணத்தை நிரப்பித் தள்ளினார்.

"தாகம் இல்ல கொத்தனாரே" என்றார் ரெமிஜியோ.

எசமான் கொடுத்ததை மறுப்பது உங்கள் ஆட்டத்தில் உண்டா? நுன்சியா தன் ஆயுசில் பார்த்ததில்லை என்றாள். அடுத்தவனைக் கேட்டார். "எனக்கும் தாகம் இல்ல." அதற்கடுத்தவன் தலையை மட்டும் ஆட்டினான். மேசையைச் சுற்றி எல்லாரும். கடைசியில் கீழாளுக்கு நீட்டினார். தொனாத்தோ, "வயிறு சரியில்லப்பா, மன்னிச்சுக்க" என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். எசமானாக உட்கார்ந்திருக்கிறார், ஜாடி நிறைய ஒயின் இருக்கிறது, அவர் கையிலிருந்து வாங்க ஒருவனும் இல்லை.

ஜாடியோடு வீட்டுக்கு வந்தார். "எனக்குக் குடுக்க மாட்டேன்னாங்க, அதத் தாங்கிக்கிட்டேன். நான் குடுத்ததையும் வாங்க மாட்டேங்கிறாங்க அசுந்தா" என்றார். குழந்தை அவர் மடியில் ஏறியது. இறக்கிவிட்டார். அப்படி அவர் செய்ததே இல்லை.

நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம். அங்கே முதல் கிண்ணம் வைக்க வேண்டாம் என்று உன் நண்பர்களிடம் சொல்ல முடியுமா? அவருக்குப் பாரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அக்கா


லியேஜ்
30 ஜனவரி 1955

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன், இரவு வேலை மாற்றம். மறுத்தது ஆட்டத்திலேயே இல்லாத அநியாயம். இங்கே எல்லாரும் கொதித்துப்போனார்கள். விசாரணைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். அதுவரை அத்தானைத் தாங்கிப் பிடித்துக்கொள். கோர்ட்டில் அவர் வாயைத் திறந்தால் போதும், அதன் பிறகு அந்த மேசையே வேண்டாம். செராஃபினாவின் பிள்ளைகளை நினைக்கச் சொல். நாங்கள் எல்லாரும் அவரோடு இருக்கிறோம் என்று சொல்.

கிண்ணம் வைப்பதை நிறுத்தச் சொன்னாய். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். உண்மையில் நான் சொல்லவே இல்லை. அவர் என் அத்தான் என்பதால் இங்கே எனக்கே ஒரு மரியாதை.

கானியோ


பியேத்ராஃபோஸ்கா
20 பிப்ரவரி 1955

தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் அத்தான் ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் குடித்துவிட்டு வந்தார். தொனாத்தோ தோளில் தாங்கிக் கொண்டுவந்து விட்டுப் போனான். வழியெல்லாம் பாடினார்களாம். இப்போது பனி உருகத் தொடங்கியிருக்கிறது. ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பன்றியை அடித்து உப்புப் போட்டுவிட்டோம், உனக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன். பண்ணையில் அடுப்புக் கட்ட அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அசுந்தா


லியேஜ்
3 மார்ச் 1955

அக்கா,

நான் சுகம். உன் கடிதத்தை நான்கைந்து முறை படித்தேன். ஓடு ஒழுகுவதை எழுதியிருக்கிறாய், பன்றியை எழுதியிருக்கிறாய். கோர்ட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. செராஃபினாவின் பெயரே இல்லை.

அவருக்கு யார் கிண்ணம் கொடுத்தது? எதற்குக் கொடுத்தார்கள்?

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் வாசிக்கவில்லை.

கானியோ


பியேத்ராஃபோஸ்கா
1 மே 1955

அன்புத் தம்பிக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு உடம்பு காரணம் இல்லை. எங்களுக்கு ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு முந்தின ஞாயிறு ரெமிஜியோ எசமான். கீழாள் அவர் மருமகன். எசமான் முதல் பெயராக உன் அத்தானைச் சொல்லியிருக்கிறார். "கொத்தனாருக்கு ஒரு கிண்ணம் தரலாமா?" மருமகன் யோசிக்கிற மாதிரி நடித்து, "தரலாம். ஞாபகம் கொஞ்சம் மங்கிப்போச்சுன்னா தாராளமா தரலாம்" என்றானாம். கிண்ணத்தை முன்னால் வைத்தார்கள். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. அடுத்த பெயரையும் சொல்லவில்லை. மொத்த மேசையும் தாகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து அப்படி யாரும் அவருக்காகக் காத்திருந்ததில்லை என்றாள் நுன்சியா. அவர் எடுத்துக் குடித்தார். பிறகு எல்லாரும் அவர் முதுகில் தட்டினார்கள்.

கோர்ட்டில், சுண்ணாம்பு எவ்வளவு போட்டார்கள் என்று ஞாபகம் இல்லை என்று சொன்னார். செராஃபினா இரண்டு பிள்ளைகளையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. வழக்கு அன்றே முடிந்தது, அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த ஞாயிறு வாசலில் ஒயின் வாசனை வந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவரோடு மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று நெஞ்சு லேசானது. அவர் செருப்பைக் கழற்றிவிட நான் குனிந்தபோதுதான் எதிரே செராஃபினாவின் ஜன்னல் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கும் இல்லை.

அதன் பிறகு அவர் ஒயின் கடைக்குப் போகவில்லை. ஆள்விட்டுக் கூப்பிடுகிறார்கள். "வாங்க கொத்தனாரே, உங்க இடம் காலியாவே இருக்கு" என்று தொனாத்தோ வாசலில் வந்து நின்றான். இவர் உள்ளேயே இருந்தார். பண்ணை அடுப்பையும் கட்டவில்லை. பெல்ஜியம் சுரங்க வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே அவரும் வருவார்.

அங்கே உன் நண்பர்களிடம் இதைச் சொல்லிவிட்டாயா? சொல்லவில்லை என்றால் அவர் வருவதற்குள் சொல்லிவிடு. நெஞ்சுவலி என்று அடிக்கடி மார்பைத் தேய்த்துக்கொள்கிறார், பார்த்துக்கொள்.

அக்கா


லியேஜ்
22 மே 1955

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் சுகமாக வந்து சேர்ந்தார். மருத்துவரிடம் காட்டினேன், நெஞ்சில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார். என் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறார். சோறு தண்ணீர் சரியாக எடுத்துக்கொள்கிறார்.

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் கிண்ணத்தை நடுவில் வைத்துவிடுவார்கள். நானும் மற்றவர்களோடு சேர்ந்து அவர் பெயரைச் சொல்வேன்.

அவர் உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். சாரோ தன் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தான். "உக்காருங்க கொத்தனாரே, இத்தன நாளா ஆளில்லாம ஊத்திக்கிட்டிருந்தோம், இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்காரு" என்று கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பி அவர் கையருகே வைத்தான். அவர் என்னைப் பார்த்தார்.

"இவங்களுக்கு நீ சொல்லலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கிண்ணத்தை மெல்ல மேசை நடுவுக்கே தள்ளினார். "நான் குடிச்சவன்யா. ஊர்லயே குடிச்சிட்டுத்தான் வர்றேன். வீத்தோ பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு வரவேண்டியதக் குடிச்சிட்டேன்" என்றார். பிறகு மண்ணும் சுண்ணாம்பும் எந்த அளவில் கலந்தார்கள், ரெமிஜியோ எந்த இடத்தில் நின்று அதைச் சொன்னார், எல்லாவற்றையும் கோர்ட்டில் நிற்கிற மாதிரி கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னார். ஒரு இடத்திலும் ஞாபகம் தடுக்கவில்லை.

யாரும் அவரைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அவர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். சாரோ சீட்டுக்கட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை அவனே அத்தானுக்குச் சுரங்க விளக்கை எப்படி மாட்டுவது என்று காட்டினான். மூவரும் ஒரே கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினோம்.

அத்தான் கேட்கச் சொன்னார். வழக்கை மறுபடி எடுப்பார்களா? எடுத்தால் உடனே புறப்பட்டு வந்து சொல்கிறேன் என்கிறார். செராஃபினாவிடம், அவர் இங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார் என்று தெரிவிக்க வேண்டுமாம்.

கானியோ


பியேத்ராஃபோஸ்கா
12 ஜூன் 1955

அன்புத் தம்பிக்கும், உன் அத்தானுக்கும்,

நானும் குழந்தையும் சுகம். வெயில் வந்துவிட்டது.

நகரத்துக்குப் போய்க் கோர்ட்டில் கேட்டேன். முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள்.

வீடு திரும்பியபோது செராஃபினா வீட்டு வாசலில் மூட்டைகள் இருந்தன. பாரி நகரத்தில் ஒரு வீட்டில் துணி துவைக்க ஆள் வேண்டுமாம். பெரியவளையும் வேலைக்கு வைத்துக்கொள்வார்களாம். சின்னவளைக் கன்னியர் மடத்தில் விடப்போகிறாள். தெருவில் யாரும் வெளியே வரவில்லை. ஒரு மூட்டையை நான் தூக்கிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேருந்து நிற்கும் இடம்வரை நடந்தோம். உன் கடிதத்தில் இருந்ததை அங்கே வைத்துத்தான் சொன்னேன். அவர் எல்லார் முன்னாலும் சொன்னார், அளவு உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னார் என்றேன்.

அவள் சின்னவளின் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டாள்.

"அங்க சொன்னாரா?" என்றாள்.

"ஆமா."

"இங்கதான அக்கா சொல்லியிருக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. யாரோ வழி கேட்டால் சொல்வோமே, அப்படிச் சொன்னாள். பேருந்து வந்தது. மூட்டையை நான்தான் மேலே ஏற்றினேன். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், ஆனால் வெளியே பார்க்கவில்லை. பெரியவள் மட்டும் எனக்குக் கையாட்டினாள்.

தம்பி, இந்தக் கடிதத்தை அவருக்கு நீ வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். செராஃபினா சொன்ன அந்த இடம் வரும்போது நிறுத்தாதே, மாற்றியும் வாசிக்காதே. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

அசுந்தா